எண்ணெய் மாற்றும் நாள்

இயங்கும் பொருள் எதுவும் தேயும். தேய்வை அறவே தடுக்க வல்லார் எவருமிலர். அதனைச் சிறிது காலம் பின்தள்ள வல்லார் உளர். அங்ஙனம் பின்தள்ளும் முயற்சியையே நம் முன்னோர் பேணுதல் என்றனர். கூரைக்கு ஓலை மாற்றுதல், கிணற்றைக் கலக்கி இறைத்தல், வண்டியச்சுக்கு மசகிடுதல் முதலியன எல்லாம் இவ்வகைப் பணிகளே. செய்தபோது இவற்றை எவரும் கவனிப்பதில்லை. செய்யாது விட்டபோது ஊரே கவனிக்கும். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குக் காலந்தவறாது எண்ணெய் மாற்றுதலும் அத்தகைய பணிகளுள் ஒன்று. செய்தற்கு எளியது, 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடுதற்கும் அவ்வளவே எளியது. அந்த ஒத்திப்போடலின் விலை என்ன என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

அச்சும் மசகும்

மாட்டுவண்டி ஓடிய காலத்தில் அச்சு கண்ணுக்குத் தெரிந்தது. அதன் குரலும் காதுக்குக் கேட்டது. அச்சு கிறீச்சிட்டால் வண்டிக்காரன் வண்டியை நிறுத்தி, வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்துச் செய்த மசகை எடுத்துப் பூசுவான். இன்று நம் நாட்டிலே 'மசகு எண்ணெய்' என்னுஞ் சொல், நிலத்தினின்றும் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படாத எண்ணெயைக் குறித்து வழங்குகின்றது. எனினும் அச்சொல்லின் பிறப்பிடம் வண்டிச் சில்லின் குடமே என்பதை மறத்தலாகாது.

பண்டைத் தமிழரும் அச்சின் இயல்பை நன்கறிந்திருந்தனர். புறநானூற்றின் 102 ஆவது பாட்டிலே, அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகரின் வண்டியை உவமையாக எடுத்தாளுகின்றார். பாரம் பெரிது, எருதுகளோ நுகம் பழகாத இளையன, பள்ளத்தில் இறங்குகையிலும் மேட்டில் ஏறுகையிலும் யாது நிகழுமென்று யார் அறிவார்? ஆகவே உமணர் வண்டியின் கீழே இன்னோர் அச்சையும் சேமமாகக் கட்டிச் சென்றனர். அரசனுக்கு இதைவிடச் சிறந்த உவமை கிடைப்பது அரிது. வருமுன் காக்கும் மனம் வாய்த்தவனே பாரத்தை ஊர் சேர்ப்பான் என்பது அதன் உட்பொருள்.

இன்றைய மோட்டார் வண்டியில் உமணர் கட்டியது போன்ற சேம அச்சு இல்லை. சில்லுக்கு மாற்றுச் சில்லுண்டு. எஞ்சினுக்கு மாற்று எஞ்சினை எவரும் கட்டிச் செல்வதில்லை. அதன் அச்சுகளும் தண்டுகளும் இரும்புப் பேழைக்குள் மறைந்துள்ளன; எண்ணெய் கெட்டால் அவை உடனே கிறீச்சிட்டு நமக்கு அறிவிப்பதுமில்லை. குரல் கேட்கும்போது பெரும்பாலும் காலங் கடந்திருக்கும். ஆகையினாலே காதைக் கொண்டு அறிந்ததை இனி நாட்காட்டியைக் கொண்டு அறியவேண்டியதாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத மெத்தை

எஞ்சினுள்ளே எண்ணெய் செய்யும் வேலை யாது? வழுவழுப்பூட்டுதல் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்விடையின் ஆழத்தை அறிஞர் உணர்ந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

1883 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் போஷாம்ப் ரவர் என்னும் பொறியியலாளர், புகைவண்டிச் சில்லின் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்கென்று தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும் அத்துளை வழியாக எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கை வெளித்தள்ளப்பட்டது. மரத்தாலான ஆப்பை வைத்தார்; அதுவும் மெல்லமெல்ல வெளியே வந்தது. வியப்புற்று அவ்விடத்தில் ஓர் அமுக்கமானியைப் பொருத்தியபோது, அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் என்ற அளவைத் தொட்டது. தாங்கியின்மேல் ஏற்றப்பட்டிருந்த பாரத்தின் சராசரியோ அதிற் பாதியளவே. அச்சு, தான் சுழலும் வேகத்தினாலேயே எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, அந்த எண்ணெயின்மேல் மிதந்து நிற்கிறதென்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. இரும்பை இரும்பு தொடவேயில்லை. மான்செஸ்ரரில் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஒஸ்போன் றெனோல்ட்ஸ் 1886 இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். இன்றும் தாங்கிகளை வரையும் பொறியியலாளர் அவர் வகுத்த சமன்பாட்டிலிருந்தே தொடங்குகின்றனர்.

இந்த எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு, தலைமயிரின் தடிப்பைப் பல கூறாக்கி அவற்றில் ஒன்றை எடுத்தாற்போன்றது. நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும் எஞ்சினில், பாடநூல்கள் முசலம் என்று கூறும் பிஸ்ரன் ஒரு வினாடியில் 50 தடவை ஏறி இறங்குகின்றது. ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை. இத்தனை உராய்வுக்கும் நடுவே நிற்பது அந்த மெல்லிய படலமொன்றே. அதுமட்டுமன்று, நீர் செல்லமுடியாத இடங்களின் வெப்பத்தை ஏந்திச் செல்வதும், பிஸ்ரனுக்கும் உருளைக்குமிடையே வாயு கசியாது அடைப்பதும், அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்வதும், துருவைத் தடுப்பதும் அதன் பணிகளே.

எண்ணெய் ஏன் கெடுகின்றது?

'எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாமே. உள்ளதை ஏன் வடித்து எறியவேண்டும்?' என்று கேட்பாருளர். நியாயமான வினா. எண்ணெய் தேங்காயெண்ணெய்போற் செலவழிந்து போவதாயின் ஊற்றினாற் போதும். ஆனால் எஞ்சினில் எண்ணெய் அளவிற் குறைவதைவிடக் குணத்திற் குறைவதே பெருங்கேடு.

எரிபொருள் எரியும்போது நீராவி, கரி, அமிலத் தன்மையுள்ள பொருள்கள் முதலியன உண்டாகின்றன. இவற்றிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட, ஒரு சிறுபகுதி பிஸ்ரனின் வளையங்களைக் கடந்து கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியைச் சேர்கின்றது. அங்கே வெப்பமும் காற்றும் கூடி எண்ணெயைப் பழுதாக்குகின்றன. தொழிற்சாலையில் எண்ணெயோடு சேர்க்கப்பட்ட மருந்துப் பொருள்கள், அமிலத்தை முறித்தும் அழுக்கைப் பிரித்து வைத்தும் தேய்வைத் தடுத்தும் ஈற்றில் தாமே தீர்ந்துபோகின்றன. அவை தீர்ந்தபின் அழுக்கு ஒன்றுதிரண்டு சேறாகப் படியும். அச்சேறு எண்ணெய் செல்லும் நுண்ணிய வழிகளை அடைக்கும். அடைபட்ட வழிக்கு அப்பாலுள்ள தாங்கி, எண்ணெயின்றிச் சுழன்று உருகி இறுகிப்போகும்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைதல் நன்று. எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பது ஒன்று. அழுக்கைத் தன்னுள் ஏந்துவது நல்லெண்ணெயின் கடமையாதலால், சிறப்பாக டீசல் எஞ்சினில், புதிய எண்ணெயும் சில நாள்களிற் கறுத்துவிடும். நிறத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது பிழை. ஓடிய தூரமும் கழிந்த காலமுமே சாட்சிகள். மற்றையது, 'வண்டி அதிகம் ஓடவில்லை. ஆகவே மாற்றவேண்டியதில்லை' என்பது. வீட்டிலிருந்து பாடசாலைக்கும் சந்தைக்கும் இரண்டு மைல் போய்வரும் வண்டியின் எஞ்சின் முற்றாகச் சூடேறுவதேயில்லை. சூடேறாமையால் எண்ணெயிற் கலந்த நீர் ஆவியாகி வெளியேறுவதுமில்லை. நெடுந்தூரம் ஓடும் வண்டியின் எண்ணெயைவிடக் குறுந்தூரம் ஓடும் வண்டியின் எண்ணெய் விரைவிற் கெடுவதுண்டு. தூரம் ஓடாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணெயை மாற்றுக என்று கையேடுகள் கூறுவதன் காரணம் இதுவே.

எண்ணெயிட்டவன் கதை

எண்ணெயிடும் தொழில் ஒருகாலத்தில் மனிதனின் கையாற் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவி வண்டிகள் சிறிது தூரம் ஓடியதும் நின்றுவிடும். எண்ணெய்க்காரன் இறங்கிச் சுற்றிவந்து ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணெய் விட்டபின்பே மீண்டும் புறப்படும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அத்தொழிலைச் செய்தவர்களுள் எலைஜா மக்கோய் என்பவரும் ஒருவர். அவருடைய பெற்றோர் கென்ரக்கி மாநிலத்தின் அடிமைத்தளையினின்றும் தப்பிக் கனடாவுக்கு ஓடியவர்கள். மகனோ ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பொறியியல் கற்றுத் திரும்பியவர். கறுப்பினத்தவராதலின் கற்ற கல்விக்கேற்ற பதவி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நெருப்பூட்டுவதும் எண்ணெயிடுவதுமே கிடைத்தன. அவரோ அந்தத் தொழிலையே உற்றுநோக்கி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் தானாகச் சென்று சேரும் கருவியொன்றை அமைத்து 1872 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மோட்டார் எஞ்சினுள்ளே பம்பியொன்று இடையறாது செய்யும் வேலை, அந்த எண்ணெய்க்காரரின் கைவேலையின் வழித்தோன்றலே.

பேணும் தொழிலை உலகம் தாழ்வாகவே மதித்து வந்திருக்கிறது. அம்மதிப்பின் தவறு எவ்வளவு பெரிதென்பதை 1966 ஆம் ஆண்டு பிரித்தானிய அரசுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட ஓர் அறிக்கை கணக்கிட்டுக் காட்டியது. பீற்றர் ஜோஸ்ற் தலைமையில் ஆக்கப்பட்ட அவ்வறிக்கை, உராய்வையும் தேய்வையும் எண்ணெயிடுதலையும் முறையாகக் கவனித்தால் அந்நாட்டின் தொழில்துறை ஆண்டுதோறும் 515 மில்லியன் பவுணை மீதப்படுத்தலாம் என்றது. தேய்த்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் 'ரிறைபொலொஜி' என்ற புதிய அறிவியற்றுறையின் பெயர் பரவியதும் அவ்வறிக்கையினாலேயே.

நம் நாட்டு அனுபவம்

இலங்கையில் எண்ணெய் மாற்றுதலின் அருமையை நாம் நூல்களிற் கற்றதைவிட வாழ்க்கையிற் கற்றதே அதிகம். 1948 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலியனவும் நம் தெருக்களுக்கு உரிமையுள்ள குடிகள்போல் ஆயின. அவற்றைச் செய்த நிறுவனம் மறைந்தது. மொறிஸ் மைனர் 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தியிலிருந்து நீங்கியது. எனினும் யாழ்ப்பாணத்தில் அவ்வினத்து வண்டிகள் பின்னும் பல தசாப்தங்கள் வாடகைக்கு ஓடின. சில இன்றும் ஓடுகின்றன. அக்காலத்து வண்டிகளுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்றுவது வழக்கம். மொறிஸ் மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும். பின்னதைத் தவறவிட்டால் மூட்டுக் கழன்று, சில்லு பக்கவாட்டில் மடிந்து, வண்டி முகங்குப்புறத் தெருவில் அமர்ந்துவிடும். அவ்வண்டிகளின் நீண்ட ஆயுளிற் பாதி இங்கிலாந்தில் வார்த்த இரும்புக்குரியது. மறுபாதி நம் ஊர்க் கராஜ்களில் வண்டியின் கீழே மல்லாந்து படுத்தவர்களின் கைக்குரியது.

அக்கைகளுக்குப் பெருஞ்சோதனை 1990 ஆம் ஆண்டு வந்தது. ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மக்கள் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டக் கற்றார்கள். சிறு போத்தலில் உள்ள பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறையாயிற்று. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனை ஒருவாறு பொறுத்துக்கொண்டன.

ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பங்கு உருளையின் சுவர்வழியே வழிந்து, அங்கிருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு தொட்டியிற் போய்ச் சேரும். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்திராது; கூடியிருக்கும். அறியாதவன் மகிழ்வான். அறிந்தவனோ அக்கம்பியை மணந்து பார்த்து, விரல்களுக்கிடையே தேய்த்து, பிசுக்குமை குன்றியதை உணர்ந்து கவலையுறுவான். நீர்த்துப்போன அந்த எண்ணெய், ரவர் கண்ட அமுக்கத்தைத் தாங்கவல்லதன்று. இந்நோய்க்கு மருந்து ஒன்றே: வழக்கமான தூரம்வரை காத்திராது எண்ணெயை முன்னதாகவே மாற்றுதல். எல்லாப் பொருளும் அரிதாய் விலையேறியிருந்த அந்நாள்களில், நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் நிற்பதா ஓடுவதா என்பதை அம்மருந்தே தீர்மானித்தது.

அச்சோதனை பின்னர் நாடு முழுவதற்கும் வேறுருவில் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளும் பழையதை விற்றுப் புதியதை இறக்குவிக்கும் வழி அடைபட்டிருந்தது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு வரிசையும் வாரப் பங்கீடும் வந்தபோது வண்டிகள் கிழமைக்கணக்கில் அசையாது நின்றன. இறக்குமதிப் பொருள்களின் விலைகள் ஏறியபோது எண்ணெயில் மிச்சம்பிடிக்க எண்ணியவர் பலர். எண்ணெயில் மிச்சம்பிடித்த காசை எஞ்சினில் இழப்பதுபோன்ற பேதைமை வேறில்லை. ஒருமுறை எண்ணெய் மாற்றும் செலவுக்கும் எஞ்சினைப் பிரித்துத் திருத்தும் செலவுக்குமுள்ள தூரத்தை, பின்னதைச் செய்தவர் எவரிடமும் கேட்டறியலாம்.

வடித்த எண்ணெய் எங்கே போகின்றது?

இதுவரை கூறியது வண்டிக்காரரின் நன்மை. இனிக் கூறுவது அயலவரின் நன்மை. இதனையும் சேர்த்தாலன்றி எண்ணெய் மாற்றும் கடமை நிறைவுறாது.

தொட்டியினின்றும் வடித்த எண்ணெயில், எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிதலின் நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. கறையானுக்கென்று வேலிக்கதியாலுக்கும் மரத்தூணுக்கும் அதனைப் பூசுவதும், எஞ்சியதை வளவு மூலையிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடுவதும் நம்மிடையே உள்ள வழக்கங்கள். ஒரு தடவை மாற்றிய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கின்றது. ஓர் எஞ்சினிலிருந்து வடிவதோ ஏறத்தாழ நான்கு லீற்றர்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்வெச்சரிக்கை மும்மடங்கு பொருந்தும். வற்றாத ஆறென ஒன்று இங்கில்லை. குடிப்பதும் குளிப்பதும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைப்பதும் நிலத்தடி நீரே. அந்நீர் தங்கியிருப்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில். நிலாவரையைப் பார்த்தோர்க்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு வளவில் ஊற்றியது அவ்வளவிலேயே நின்றுவிடும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை. சுன்னாகம் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் மிதந்த துயரத்தை நாம் கண்டோம். அது மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு பற்றிய வழக்கு. 2019 இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அம்மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. பெரிய நிலையத்தின் கழிவோடு தனியொரு வண்டியின் நான்கு லீற்றரை ஒப்பிடல் தகாது என்பர். உண்மையே. ஆனால் வண்டி ஒன்றன்று, ஆண்டும் ஒன்றன்று. நிலையத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம்; வளவு மூலைகளில் ஊற்றப்படுவதை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது?

தன் எஞ்சினைக் காப்பதற்காக அயலான் கிணற்றைக் கெடுப்பது பேணுதலாகாது. வடித்த எண்ணெயை மூடியுள்ள கலத்தில் நீரோ மண்ணோ கலவாது சேர்த்து, பழைய எண்ணெயை ஏற்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அதனை மீளச் சுத்திகரித்துப் புதிய எண்ணெயாக்கலாம். சீமெந்துச் சூளைகளின் கடும் வெப்பத்தில் எரிபொருளாகவும் பயன்படுத்தலாம். வாடிக்கையாளர் தம் கராஜ்காரரிடம் 'வடித்த எண்ணெயை என்ன செய்கிறீர்கள்?' என்று ஒரு தடவையேனும் கேட்கவேண்டும். அக்கேள்வி பலமுறை எழுந்தால் அதற்கேற்ற வழக்கமும் பிறக்கும்.

செய்யவேண்டியவை

முறை கடினமானதன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங் கழித்து, அளவுக்கம்பியைத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்கவேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கிடையில் நிற்றல் வேண்டும். மேற்கோட்டைத் தாண்ட ஊற்றினாலும் தீமையே. எண்ணெய் கடையப்பட்டு நுரைக்கும். வடிக்கும்போது எஞ்சின் இளஞ்சூடாயிருந்தால் அழுக்கும் சேர்ந்து வடியும். பில்ரரையும் உடன் மாற்றவேண்டும். குளித்துவிட்டு அழுக்குடை உடுப்பாருண்டோ? எண்ணெயின் தரத்தை விளம்பரம் தீர்மானித்தலாகாது. வண்டியின் கையேடே தீர்மானிக்கவேண்டும். '20டபிள்யூ-50' போன்ற குறிகளில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முதல் எண் குளிரிலும் இரண்டாம் எண் சூட்டிலும் எண்ணெயின் பிசுக்குமையைச் சுட்டுவன. பழைய எஞ்சினுக்கு இன்றைய மிக மெல்லிய எண்ணெயும், புதிய எஞ்சினுக்குப் பழைய தடித்த எண்ணெயும் ஒவ்வா. இன்றைய வண்டிகள் பலவற்றுக்கு 3,000 மைல் என்ற பழைய எல்லை வேண்டியதில்லை. கையேடு அதைவிட நீண்ட எல்லை தரும். எனினும் புழுதியும் வெப்பமும் நெரிசலும் குறும்பயணமும் நம் தெருக்களின் இயல்பாதலால், அந்த எல்லையை முற்றாகத் தொடுமுன் மாற்றுதல் அறிவுடைமை.

எண்ணெய் மாற்றிய அன்றே, திகதியையும் வண்டி ஓடிய தூரத்தையும் ஒரு சிறு துண்டிற் குறித்துக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுக. நினைவு பிழைக்கும், அத்துண்டு பிழைக்காது. அடுத்த நாள் வரும்போது வடித்த எண்ணெய்க்கு ஒரு மூடிய கலத்தை முன்னரே எடுத்து வைத்துக்கொள்க.